சும்மா நின்ற படகும் உள்நோக்க நிபுணரும்

பல்லுக்கு ஒரு நிபுணர், பாலத்துக்கு ஒரு நிபுணர், பழைய நாணயத்துக்கு ஒரு நிபுணர் என்று உலகத்தில் எத்தனையோ பேர் படித்து, பரீட்சை எழுதி, தலைமுடி கொட்டி நிபுணராகிறார்கள். எதையும் படிக்காமல், ஒரு முடிகூடக் கொட்டாமல் நிபுணராகிவிடக்கூடிய துறை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது உள்நோக்கத் துறை. அடுத்தவர் செய்கிற காரியத்துக்குள் அவருக்கே தெரியாமல் பதுங்கியிருக்கும் நோக்கத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்தத் துறையின் வேலை. லிஃப்டில் நான்கு பேர் ஏறினால் அதில் ஒருவர் கட்டாயம் இந்த இனத்தார். "எந்த மாடிங்க?" என்று நீங்கள் மரியாதைக்குக் கேட்டிருப்பீர்கள். அவரும் மாடியைச் சொல்லியிருப்பார். ஆனால் இறங்கும்போது, "இவன் எதுக்கு நம்ம மாடியைத் தெரிஞ்சுக்கணும்?" என்ற யோசனையோடுதான் இறங்கியிருப்பார்.

எழுதுகிறவன் ஏதோ உயரத்தில் நின்றுகொண்டு பேசுகிறான் என்று நினைத்துவிட வேண்டாம். இன்று காலை செய்தித்தாள் போடுகிறவர் வழக்கத்துக்கு மாறாக என்னைப் பார்த்துச் சிரித்தார். இதை எழுத உட்காருவதற்குள் அந்தச் சிரிப்பை ஆராய்வதிலேயே எனக்கு அரை மணி நேரம் போய்விட்டது.

ஆகவே என் இனத்தாரில் என்னைவிட உயர்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அலுவலகத்தில் அவருக்குத் 'துப்பு' என்று பெயர். துப்புத் துலக்குகிறவர் என்ற பொருளில் வைத்த பெயர் என்று அவர் உள்ளூர மகிழ்ந்துகொண்டிருந்தார். அந்தச் சொல்லோடு 'கெட்ட' என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்கிற வழக்கம் உண்டு என்பது பெயர் வைத்தவர்களுக்குத் தெரியும்.

துப்புவின் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். நாள் முழுக்க டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் பழகியவர் என்பதால் கணவரைப் படிப்பது அவருக்கு ஒரு சிரமமே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கணவருக்கு முன்னால் ஒரு டம்ளர் டீயை வைத்தார்.

"என்ன, கேக்காமலே டீ வருது?"

"எனக்குப் போட்டேன். கொஞ்சம் மிஞ்சிச்சு."

"மிஞ்சற அளவுக்கு ஏன் போட்ட?"

அம்மாள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்த் தானே குடித்துவிட்டார். துப்பு அதையும் மனத்தில் குறித்துக்கொண்டார். திருப்பி எடுத்துக்கொண்டு போகிறாள் என்றால், கொண்டுவந்ததில் ஏதோ இருந்திருக்கிறது.

மைத்துனர் ஒருமுறை, "ஒண்ணுமில்ல அத்தான், சும்மாதான் கூப்பிட்டேன்" என்று போனில் பேசினார். சும்மாவா? தொலைபேசி என்ன சும்மா பேசுவதற்கா இருக்கிறது? துப்பு மூன்று நாள் யோசித்தார். பையனுக்கு வேலைக்குச் சிபாரிசா, வீட்டில் ஒரு மாதம் தங்க இடமா, அல்லது தன் அக்காவிடம் நம்மைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டு நாடி பிடித்துப் பார்க்கிறானா? நான்காம் நாள் தாமே கூப்பிட்டு, "எதுவா இருந்தாலும் நேரா சொல்லிடுங்க" என்றார். அதிலிருந்து மைத்துனர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்பதைப் பற்றித் துப்பு தனியே ஓர் ஆராய்ச்சி நடத்திவந்தார்.

இப்படிப்பட்ட ஒருவரைக் கொண்டுபோய் எங்கே உட்கார வைப்பது? நீங்களும் நானுமாக இருந்தால் ஒரு பூங்காவில் உட்கார வைத்திருப்போம். அரசாங்கம் அவரைக் கடல் கண்காணிப்பு மையத்தில் உட்கார வைத்தது.

மையம் மூன்றாம் மாடியில் இருந்தது. கடல் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். ஆனால் கணினித் திரைகளில் வெளிச்சம் விழுந்தால் கண் கூசும் என்று ஜன்னல்களை எப்போதும் மூடியே வைத்திருந்தார்கள். அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் கடலைப் பார்க்க வேண்டுமானால் எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் வழியாகத்தான் பார்க்க முடியும். அது காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை தலைக்கு மேலே கடந்து போகும். ராடார் வைத்த கோள் என்பதால் மேகமோ இருட்டோ அதற்குப் பொருட்டில்லை. படம் என்றதும் நீலக் கடலையும் வெள்ளை நுரையையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். கறுப்புத் துணியில் உப்பைச் சிந்தினாற்போல் இருக்கும். கறுப்பு கடல். உப்புக்கல் ஒவ்வொன்றும் ஒரு கப்பல், அல்லது ஒரு படகு.

ஒவ்வொரு கப்பலும், கொஞ்சம் பெரிய மீன்பிடிப் படகுகளும், தம் பெயர் இன்னது, நிற்கிற இடம் இன்னது, போகிற வேகம் இன்னது என்று வானொலி அலையில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிற ஒரு கருவியை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கணினி உப்புக்கல்லையும் பெயரையும் பொருத்திப் பார்க்கும். பெயர் சொல்லாத கல்லைச் சுற்றி ஓர் ஆரஞ்சு வட்டம் போடும். அந்த வட்டத்தைப் பார்த்து முடிவு சொல்வதுதான் துப்புவின் உத்தியோகம். அதற்கு ஒரு படிவம். படிவத்தில் மூன்று கட்டங்கள்: சாதாரணம், சந்தேகம், உதவி தேவை. சந்தேகம் என்று குறித்தால் ரோந்துக் கப்பல் சட்ட அதிகாரியை ஏற்றிக்கொண்டு, மேலிடத்து அனுமதி வாங்கிக்கொண்டு, தூரத்திலிருந்து வேவு பார்த்துக்கொண்டு மெதுவாகப் போகும். உதவி தேவை என்று குறித்தால் மீட்புப் படகு அந்த நிமிடமே கிளம்பும். பதினொரு வருடத்தில் துப்பு மூன்றாவது கட்டத்தில் பேனாவை வைத்ததே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலைப் படத்தில், கரையிலிருந்து அறுபது மைலுக்கு அப்பால், கப்பல்கள் வழக்கமாகப் போகாத ஓர் இடத்தில் ஒரு சின்ன உப்புக்கல் இருந்தது. அதைச் சுற்றி ஆரஞ்சு வட்டம். துப்புவுக்கு மூக்கில் வியர்த்தது. கிளம்புவதற்காகப் பையை எடுத்தவர் பையைக் கீழே வைத்தார். பிறகு, அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும், அடுத்த படத்தையும் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்து மறுபடியும் பையை எடுத்தார்.

புதன்கிழமை காலைப் படத்தில் கல் எட்டு மைல் வடகிழக்கே நகர்ந்திருந்தது.

"பாத்தீங்களா? பன்னெண்டு மணி நேரத்துல எட்டே மைல். பூனை நடை. யாருக்கோ காத்துக்கிட்டிருக்கான்" என்றார் அடுத்த நாற்காலியில் இருந்தவரிடம்.

அடுத்த நாற்காலியில் இருந்தவர் வானிலை இலாகாவிலிருந்து எட்டு மாதத்துக்கு முன் மாற்றலாகி வந்த அம்மாள். எல்லாரும் அவரை 'வானிலை மேடம்' என்றே கூப்பிட்டார்கள். வந்த அன்றே துப்பு அவரிடம் ஏன் மாற்றல் வாங்கினீர்கள் என்று விசாரித்தார். "வீடு பக்கம் சார். ரெண்டு பஸ் மாற வேண்டாம்" என்றார் அம்மாள். இவ்வளவு சின்னக் காரணத்துக்காக ஒருவர் இலாகா மாறுவார் என்று துப்புவால் நம்ப முடியவில்லை. தம் நாற்காலி மீதுதான் அவருக்குக் கண் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

மேடம் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காற்றையும் நீரோட்டத்தையும் எடுத்து ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டார்.

"சார், அந்த இடத்துல நீரோட்டம் வடகிழக்காத்தான் போகுது. வேகமும் ஏறக்குறைய இதேதான். படகு போகல சார். தண்ணி இழுத்துட்டுப் போகுது."

"அப்படி நம்ம நினைக்கணும்னுதான் மெதுவா போறான்."

"ஓடுற படகுக்குப் பின்னாடி ஒரு வால் மாதிரி கோடு தெரியும்ல? இதுக்கு வாலே இல்ல."

"வாலைச் சுருட்டிக்கிட்டு இருக்கான்னு அர்த்தம்."

"எஞ்சின் நின்னு போயிருந்தா? பேட்டரி போயிட்டா அந்தக் கருவியும் பேசாது சார். மூணாவது கட்டத்துல போட்டு அனுப்பிடலாமே. ஒண்ணுமில்லேன்னா திரும்பி வந்துடப் போறாங்க."

துப்பு அவரை ஒரு பார்வை பார்த்தார். கடத்தல் படகு ஒன்றைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிற நேரத்தில் அதை ஏதோ பழுதான படகு என்று சொல்லி மறைக்கப் பார்க்கிறாள். பெயர் நமக்கு வந்துவிடக் கூடாது என்பதுதானே? "படிவத்துல கையெழுத்துப் போடற அதிகாரம் எனக்குத்தான் மேடம் இருக்கு" என்றார். அது உண்மைதான். மேடம் துண்டுத் தாளை மடித்து எடுத்து வைத்துக்கொண்டார்.

பகலில் துப்பு வேறொரு செயற்கைக்கோளிடம் சாதாரண ஒளிப்படம் ஒன்று கேட்டு வாங்கினார். படம் வந்தது. முழுக்க மேகம். "மேகத்துக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டான்" என்று குறிப்பு எழுதினார். மேகம் தானாகத்தான் வந்தது என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் வசதியான நேரத்தில் வந்தது என்பதை யாராலும் மறுக்க முடியாது அல்லவா?

புதன்கிழமை மாலைப் படம் அவருக்கு அமுதம். கல் இன்னும் எட்டு மைல் வடகிழக்கே போயிருந்தது. அதற்கு இரண்டு மைல் தள்ளி, தன் பெயரை ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு, ஒரு பெரிய சரக்குக் கப்பல். சந்திப்பு நடந்தேவிட்டது. துப்பு நான்கு பக்கத்துக்கு அறிக்கை எழுதினார். பெயரை மறைத்தல், பதுங்கி நகர்தல், மேகத்தைப் பயன்படுத்துதல், நடுக்கடலில் சரக்கைக் கைமாற்றுதல் என்று தலைப்பு வாரியாக எழுதினார். இரண்டாவது கட்டத்தில் பேனா தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திக் குறித்தார். மேடம் தம் துண்டுத் தாளைப் பின் அடித்து அறிக்கையின் கடைசியில் சேர்த்தார். "கணக்குதானே சார், இருக்கட்டும்" என்றார். கடைசிப் பக்கத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்று துப்பு பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

ரோந்துக் கப்பலின் கேப்டனுக்கு எந்த அறிக்கையையும் பின்னாலிருந்து படிக்கிற பழக்கம். அனுமதிக்குக் காத்திருந்த நேரத்தில் துண்டுத் தாளைத்தான் முதலில் படித்தார். சட்ட அதிகாரியோடு ஒரு மருத்துவ உதவியாளரையும் இருபது குடம் குடிதண்ணீரையும் ஏற்றிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை அவர்கள் போய்ச் சேர்ந்தபோது படகில் நான்கு பேர் இருந்தார்கள். ரோந்துக் கப்பலைக் கண்டதும் ஓடவில்லை, ஒளியவில்லை. எழுந்து நிற்கத் தெம்பு இருந்தவர் ஒருவர்தான். அவர் நின்றபடி கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் போன பிறகும் ஆட்டுவதை நிறுத்தவில்லை. எஞ்சின் இறுகிப்போயிருந்தது. அலை ஏறிப் பேட்டரி நனைந்துபோனதில் கருவியும் விளக்கும் வானொலியும் ஒன்றாக ஊமையாகிவிட்டன. தண்ணீர் செவ்வாய்க்கிழமை தீர்ந்திருந்தது. புதன்கிழமை மாலை ஒரு பெரிய சரக்குக் கப்பல் போயிற்றாம். சட்டையைக் கழற்றி ஆட்டினார்களாம். அதில் யாரும் பார்க்கவில்லையாம்.

துப்பு இந்தச் செய்தியைப் படித்தார். நான்கு பக்க அறிக்கை அவருக்கு மனப்பாடம். ஒவ்வொரு தலைப்பாக நினைவுக்கு வந்தது. ஒவ்வொன்றும் காதைப் பிடித்துத் திருகினாற்போல் இருந்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மையத்தின் இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து துப்புவின் கையைக் குலுக்கினார். விண்ணிலிருந்து கண்காணித்து நான்கு உயிர்களைக் காத்த மையம் என்று பத்திரிகைகளுக்குக் குறிப்புப் போயிற்று. முதலில் கண்டவர் என்று துப்புவுக்குப் பாராட்டுச் சான்றிதழ். கூட்டத்தில் அவரை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மென்று விழுங்கிவிட்டு, "ஆரம்பத்துலேர்ந்தே எனக்கு அந்தப் படகு மேல ஒரு கண்ணு" என்றார். ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். வானிலை மேடமும் தட்டினார். அவர் ஏன் தட்டினார் என்று ஆராய்கிற தைரியம் அன்று துப்புவுக்கு இல்லை.

புகைப்படம் எடுப்பதற்காக அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூன்று பேர் தேறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். படகோட்டி மட்டும் படுக்கையில் இருந்தார். நாக்கு வறண்டு கிடந்த நாட்களில் சிறுநீரகம் சோர்ந்துவிட்டது, பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெளித் தாழ்வாரத்தில் அவர் மனைவி, கணவருக்கு எவ்வளவு தண்ணீர் உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது என்று நர்ஸ் எழுதச் சொன்ன தாளோடு உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதானே மேலேர்ந்து பாத்தவரு?"

"ஆமாம்மா."

"எப்போ பாத்தீங்க?"

"செவ்வாய்க்கிழமை. சாயங்காலம்."

அந்த அம்மாள் விரலை மடக்கினார். "இவங்கள ஏத்தினது வியாழக்கிழமை காலையில. நடுவுல ஒரு முழு நாளு இருக்கே. அது எங்க போச்சு?"

துப்புவிடம் பதில்கள் இருந்தன. படம் வரத் தாமதம், மேகம், அனுமதி, நடைமுறை என்று எல்லாம் வரிசையாக நாக்கு நுனி வரை வந்து நின்றன. அந்த அம்மாளின் கையில் இருந்த தாளில் 'வெளியே' என்ற பத்தியில் இரண்டே இரண்டு எண்கள்தான் இருந்தன. இரண்டும் சின்ன எண்கள்.

"நான் தப்பா நினைச்சுட்டேம்மா" என்றார். "கடத்தல் படகுன்னு நினைச்சேன். என்கூட வேலை செய்யறவங்க ஒருத்தங்க புதன்கிழமை காலையிலயே சொன்னாங்க, பழுதாகி மிதக்குதுன்னு. கணக்குப் போட்டே காட்டினாங்க. நான் கேக்கல."

அம்மாள் கத்தவில்லை.

"அவங்க பொம்பளையா?"

"ஆமாம்மா."

"அவங்கள ஒரு தடவை வரச் சொல்லுங்க. நான் பாக்கணும்."

புகைப்படக்காரர் படுக்கைப் பக்கம் வந்து நிற்கச் சொன்னபோது துப்பு, தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டார். அன்று வீட்டில், சட்டையைக்கூட மாற்றாமல், மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி துருவித் துருவிக் கேட்கவில்லை. "டயாலிசிஸ் வரைக்கும் போகுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்றார் துப்பு.

மறுநாள் துப்பு சான்றிதழை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார். இது வானிலை மேடத்துக்குச் சேர வேண்டியது, தாமதம் தம்முடையது, இரண்டையும் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன சார், வேற எங்கயாவது பெரிய இடத்துல பேசிட்டிருக்கீங்களா?"

"இல்ல சார். நடந்ததைச் சொல்றேன்."

"அப்போ ஏதாவது விசாரணை வரப்போகுதுன்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா? முன்கூட்டியே ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்னு?"

"இல்ல சார்."

"பின்ன எதுக்கு?"

பதினொரு வருடமாக ஊரையே பார்த்துத் தாம் கேட்டுவந்த கேள்வி எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்போது இவ்வளவு கனமாக இருக்கும் என்று துப்புவுக்குத் தெரியாது. வெளியே அதற்குள் நான்கு கட்சி உருவாகிவிட்டது. மேடத்தின் பெயரைச் சொல்லி நல்லவர் வேஷம் போடுகிறார் என்றது ஒரு கட்சி. மேடத்தைப் பெரிய இடத்தில் மாட்டிவிடப் பார்க்கிறார் என்றது இன்னொன்று. மேடத்தின் கணவர் மேலிடத்துக்கு உறவு என்று மூன்றாவது கட்சி கண்டுபிடித்தது. ஓய்வு பெறும் வயதில் ஞானம் வந்துவிட்டது என்றது நான்காவது. அவர் வெறுமனே வருந்துகிறார் என்று சொல்ல ஐந்தாவதாக ஒரு கட்சி தோன்றவே இல்லை.

ஆனாலும் விடாமல் எழுதிக் கொடுத்தார். பதிவாயிற்று. மேடத்துக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் வந்தது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படகோட்டியின் மனைவியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று துப்பு கேட்கவில்லை, கேட்க நாக்கு துடித்தும்கூட. ஒன்பதாம் நாள் படகோட்டி சொந்தக் காலில் நடந்து வீட்டுக்குப் போனார். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். கடல் மேல் போகிற மனிதருக்கு அது கஷ்டம்தான்.

துப்பு அடியோடு திருந்திவிட்டார் என்று எழுதி முடிக்க எனக்கும் ஆசைதான். அடுத்த மாதம் இன்னோர் ஆரஞ்சு வட்டம் வந்தது. மேடம் அன்று விடுப்பு. துப்பு ஒரு நொடிகூட யோசிக்காமல் மூன்றாவது கட்டத்தில் குறித்தார். மீட்புப் படகு கம்பளியும் குளுக்கோஸும் தண்ணீருமாகப் பறந்து போயிற்று. அங்கே இருந்தவர்கள் எஞ்சின் நல்ல நிலையில் உள்ள, பேட்டரி நிறைய உள்ள, அடுத்தவர் எல்லையில் மீன் திருடிக்கொண்டிருந்த அசல் திருடர்கள். ஆயுதமில்லாத மீட்புக்காரர்களைப் பார்த்து முதலில் பயந்தார்கள். பிறகு தண்ணீரை வாங்கிக் குடித்தார்கள். குளுக்கோஸையும் வாங்கிக்கொண்டார்கள். ஒருவன் நன்றிகூடச் சொன்னானாம். சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இயக்குநர் கூப்பிட்டுக் கேட்டபோது, "அவங்களுக்கும் தாகம் இருந்திருக்கு சார்" என்றார் துப்பு. இப்போது அவர் திருடர்களோடு கூட்டு என்று ஒரு பேச்சு இருக்கிறது. இனிமேல் கட்டத்தில் குறிக்கும் முன் நீரோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று மேடம் அவருக்குச் சொல்லிக்கொடுத்துவருகிறார். கற்றுக்கொள்கிறார். மெதுவாகத்தான்.

அவரை விடுங்கள். இவ்வளவு தூரம் படித்துவந்த நீங்கள், நடுவே எங்காவது ஓர் இடத்தில், இதை எழுதுகிறவன் யாரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறான், ஊர் பேர் எதுவும் சொல்லாமல் எதற்கு மழுப்புகிறான், இவனுக்கு அந்த இயக்குநரிடம் பழைய பகை ஏதாவது இருக்குமோ என்று யோசித்தீர்களா? யோசித்திருந்தால் வாருங்கள், பக்கத்தில் இடம் இருக்கிறது, உட்காருங்கள். யோசிக்கவே இல்லை என்கிறீர்களா? நல்லது, நம்புகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இல்லை என்று இவ்வளவு அவசரமாக ஏன் சொல்கிறீர்கள்?